58 வயதில் முன்வாசல் அடைப்பு! பத்தே நாளில் பின்வாசல் வழியாக வேலை!

அரை ஷிப்டு ஆசையில் அவசரக் கையெழுத்து. கிராஜுவிட்டி பாதியாகும் ஆபத்து!

ராஜபாளையம்,

மாலை போடுவார்கள். சால்வை போர்த்துவார்கள். குத்துவிளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க அண்ணாச்சி, இனிமேலாவது ஓய்வெடுங்க" என்று வாசல் வரை வந்து அனுப்பி வைப்பார்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே வழக்கம்போல விழிப்பு வந்துவிடும். எழுந்து போவதற்குத்தான் இடம் இருக்காது.

பத்து நாள் பொறுத்துப் பார்ப்பார். பதினோராம் நாள் சாப்பாட்டுத் தூக்கோடு மறுபடியும் புறப்பட்டு விடுவார். இந்த முறை காண்டிராக்டர் மூலமாக! பழைய மில்லாகவும் இருக்கலாம். பக்கத்து மில்லாகவும் இருக்கலாம். அதே மெஷின், அதே எட்டு மணி நேரம். சம்பளம் மட்டும் குறைச்சல். முப்பது வருட சர்வீஸ் இருந்த இடத்தில் இப்போது சர்வீஸ் பூஜ்யம்!

நூல் மில் உள்ள ஊர்களில் எல்லாம் சகஜமாக நடப்பதுதான் இது. 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கிய காலம் தொட்டு இந்த ஊருக்குக் கடிகாரமே மில் ஷிப்டுதான். பாட்டன், தகப்பன், மகன் என்று மூன்று தலைமுறை அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே எழுந்திருக்கிறது. 58 ஆனதும் அதை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நிற்குமா?

"எட்டு மணி நேரம் நிக்க முடியல. நாலு மணி நேரம்னா இன்னும் அஞ்சு வருசம் ஓட்டிருவேன்!" இப்படிப்பட்ட பேச்சு மில் வாசல் டீக்கடைகளுக்குப் புதிதல்ல. இதைத்தான் படித்தவர்கள் 'படிப்படியான ஓய்வு' என்கிறார்கள். முழு வேலை முதலில் அரை வேலையாகும். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாளாகும். அதன் பிறகு வீடு.

தார் சுற்றும் தாத்தா

கைத்தொழிலில் இது நேற்று முளைத்த யோசனை அல்ல. தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கக் கால் ஒத்துழைக்காத நெசவாளி, திண்ணைக்கு வந்து தார் சுற்றுவார். தறி மகனுக்கு, தார் தகப்பனுக்கு. பஸ்சில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. அந்தத் தொழிலிலும் அடுப்பு முன் நின்று கிண்டத் தெம்பு குறைந்தவர் எடை போடவோ, கல்லாவில் உட்காரவோ போய்விடலாம். கை ஓய்ந்தாலும் அனுபவம் வீணாவதில்லை.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. வேலை குறையும்போது கூலியும் குறையும். ஈடுகட்ட யாரும் இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பகுதியில் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறிகளைப் பாருங்கள். ஓட்டிய துணிக்குத்தான் கூலி என்ற பிழைப்பில் ஓய்வு வயது என்ற பேச்சுக்கே இடமில்லை. உடம்பு எப்போது 'போதும்' என்கிறதோ அன்றைக்குத்தான் ரிடையர்மெண்ட்!

அரசு ஆபீசில் 60

மாவட்ட கோர்ட்டும் பல அரசு ஆபீசுகளும் இருக்கிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்குள்ள குமாஸ்தாக்களுக்குக் கதை வேறு. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-ல் இருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. பத்து மாதத்துக்குள் இரண்டு வருட சர்வீஸ் கூடிவிட்டது. நடுவருடத்தில் ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பள்ளி ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தரும் வழக்கமும் உண்டு. பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது என்பதற்காக!

மில் தொழிலாளிக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. பி.எப். பென்ஷன் திட்டத்தில் 58 என்ற எண் 1995-ல் இருந்து அப்படியே நிற்கிறது. அந்தப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகையோ 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாதாமாதம் பணம் பிடித்தம் செய்யப்பட்ட தொழிலாளியின் குறைந்தபட்சப் பென்ஷன் அதைவிட 200 ரூபாய் கம்மி! பின்வாசலைத் தேடி ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அரை ஷிப்டில் ஒரு பள்ளம்

'சரி, 58-க்கு முன்பே அரை ஷிப்டுக்கு மாறிக்கொண்டால் என்ன?' என்று கேட்கலாம். இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது!

பென்ஷன் கணக்கைப் பாருங்கள். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 48 வயதில் கோன் வைண்டிங்கில் சேர்ந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 10 வருட சர்வீஸ், சம்பளம் 14,000 ரூபாய். பென்ஷன் 2,000 ரூபாய் வரும். அதே பெண் கடைசி ஐந்து வருடம் அரை ஷிப்டுக்கு மாறி 7,000 ரூபாய் வாங்கியிருந்தால் பென்ஷன் 1,000 ரூபாய்தான். முதல் ஐந்து வருடம் முழு ஷிப்டு பார்த்தாரே, அதற்கும் சேர்த்து வெட்டு!

கிராஜுவிட்டியிலும் இதே ஆபத்து. கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் வீதம் தருவது கணக்கு. 13,000 ரூபாய் சம்பளத்தில் 30 வருடத்துக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். கடைசிச் சம்பளம் 6,500 என்று ஆகிவிட்டால் 1 லட்சத்து 12 ஆயிரத்து 500. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நம்பிக்கை பாதியாகக் கரைந்து போகும்.

58-ஐத் தாண்டிவிட்டால் இந்தப் பயம் இல்லை. பென்ஷன் அதற்குள் முடிவாகிவிடும். பிறகு அரை ஷிப்டு பார்த்தாலும் அது குறையாது. 60 வரை வாங்காமல் தள்ளிப் போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடவே செய்யும். அவசரப்பட்டு 58-க்கு முன்பே வாங்கினால் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு விழும்.

சூடு கண்ட பூனை

வேலை நேரத்தை 'வளைத்துக் கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் தொழிலாளிக்கு நெஞ்சு பதறும். காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ந்தேதி சட்டசபையில் ஒரு தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்த மசோதா அது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. வேலை நேரத்தை நீட்ட அவ்வளவு அவசரம் காட்டினார்கள்; வயதானவருக்கு அதைக் குறைக்க ஒரு மசோதாவும் வரவில்லையே என்பதுதான் கேள்வி.

மில் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு ஷிப்டை இரண்டு பேர் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் பி.எப்., இ.எஸ்.ஐ. கணக்கு எழுத வேண்டும். ஆனால் ஆள் வராத நாளில் பதிலியைப் போட்டு மெஷினை ஓட்டியே பழகியவை மில்கள். ஷிப்டைப் பங்கு போடுவது அவர்களுக்குப் புதிதல்ல. மெஷின் சத்தம் மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிற ஆள், புதுப் பையன்களுக்கு நாலு மணி நேரம் வேலை பழக்கினால் நஷ்டம் யாருக்கு?

நம் ஊர் ஆட்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஓய்வு வயதைத் தொட்ட தகுதியான உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி மறுவேலை தந்தாக வேண்டும். 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலை 68 வரை என்று ஆனது. 2026 ஜூலையில் இருந்து 64, 69 என்று அறிவித்தார்கள். வேலை தர முடியாத முதலாளி உதவிப் பணம் தர வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கவனம்!

இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை தொழிலாளி தன் கையில் உள்ளதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

58 வரை சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் எந்தக் காகிதத்திலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. முடியாவிட்டால் சம்பளம் குறையாத லேசான வேலையைக் கேட்கலாம். 58-ல் கிராஜுவிட்டியை வாங்கிக் கணக்கை முடிக்க வேண்டும். அதை 30 நாளில் தந்தாக வேண்டும் என்பது சட்டம். பிறகு மறுவேலை என்றால் காண்டிராக்டர் வாய்ச்சொல் போதாது. நேரம், கூலி, காலம் எழுதிய ஆர்டர் வேண்டும்.

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமன ஆர்டர் எல்லோருக்கும் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் எழுதி எடுத்த தொழிலாளிக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. 40 வயது தாண்டியவருக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

முப்பது வருடம் நூல் அறுந்தபோதெல்லாம் ஒட்ட வைத்த கைகள் இவை. 58-ல் அந்தக் கைகளையே அறுத்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க ஒரு காகிதம் போதும்.

மில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வெறும் குத்துவிளக்கோடு அனுப்பாமல் அந்தக் காகிதத்தையும் கையில் கொடுக்க வழி செய்வார்களா?