நடுகல் ஆவணமாக்கத்தில் செயலிக் கணக்குகளின் இணைப்பும் மேலாண்மையும்: தருமபுரிப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

சங்க இலக்கியம் தகடூர் எனச் சுட்டும் தருமபுரிப் பகுதி, வட்டெழுத்துப் பொறிப்புடைய நடுகற்கள் மிகுந்த நிலமாகும். அவற்றுள் சில தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் காக்கப்பெறுகின்றன. ஏனையவை வயல்வரப்பிலும் ஊர்ப்புறத்திலும் நிற்கின்றன. இத்தகைய கற்களைக் கைப்பேசிவழிப் பதிவு செய்யும்போது, படிவத்தில் இட்ட விவரத்தை அட்டவணையில் சேர்த்தல், ஒளிப்படத்தை உரிய கோப்புறையில் வைத்தல், நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புதல் ஆகியவற்றை ஜோஹோ ஃப்ளோ, ஜேப்பியர், என்8என் போன்ற பணியோட்டத் தானியக்கக் கருவிகள் தாமே செய்து முடிக்கும். இதற்குச் செயலிக் கணக்குகளைக் கருவியோடு இணைத்தல் வேண்டும். அவ்விணைப்பு யாருடையது, எதுவரை நீடிப்பது என்னும் வினாக்களை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இணைப்பின் இயல்பு

கணக்கை இணைத்தல் என்பது கடவுச்சொல்லைக் கருவியிடம் ஒப்படைப்பதன்று. 2012 அக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 வரையறையைப் பின்பற்றும் இணைப்புகளில், ஆய்வாளர் கூகுளின் பக்கத்திலேயே உள்நுழைந்து ஒப்புதல் தருகிறார். கருவி பெறுவது டோக்கன் எனப்படும் அனுமதிச் சீட்டு மட்டுமே. அணுகல் டோக்கன் குறுகிய காலமே செல்லும். அது காலாவதியானதும் புதுப்பிப்பு டோக்கனைக் கொண்டு கருவி புதியதைப் பெறுகிறது.

ஒப்புதலுக்கு எல்லை உண்டு. டிரைவ் முழுவதையும் கையாளும் அனுமதி வேறு. கருவி உருவாக்கிய கோப்புகளையும் பயனர் தேர்ந்தளித்தவற்றையும் மட்டும் கையாளும் அனுமதி வேறு. காவலின்றி நிற்கும் நடுகல்லின் புவிநிலைக் குறிப்பு பிறர் கைக்குச் செல்வது கல்லுக்கே கேடாக முடியலாம். ஆதலின், கருவி இடந்தருமாயின் குறுகிய அனுமதியே தகும்.

இணைப்பு அறுபடும் இடங்கள்

கூகுளின் புதுப்பிப்பு டோக்கன் 6 மாதங்கள் பயன்படாதிருப்பின் செல்லாததாகிவிடும். களப்பணியை நிறுத்தி ஆய்வேடு எழுதும் காலத்தில் இது நிகழக்கூடும். என்8என் கருவியைச் சொந்த வழங்கியில் நிறுவுவோர் கூகுளில் தம் செயலியைச் ‘சோதனை’ நிலையிலேயே விட்டுவிட்டால், டிரைவ் போன்றவற்றுக்கான அனுமதி 7 நாட்களில் முடிந்துவிடும். ஆய்வாளரின் தனிக்கணக்கு வழியே இணைத்திருப்பின், அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் இணைப்பும் அவரோடு சென்றுவிடும். மேலும், 2 ஆண்டுகள் பயன்படாத தனிநபர் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கும் உரிமை 2023 டிசம்பர் முதல் கூகுளின் நடைமுறையில் உள்ளது.

இணைப்பு அறுந்தபின்னும் படிவம் விவரங்களை ஏற்றுக்கொண்டேயிருக்கும். பதிவு முழுமையுற்றதாகக் கள ஆய்வாளர் நம்புவார். நெறியாளரின் அட்டவணையிலோ அக்கல் இடம்பெறாது.

மேலாண்மை நெறிகள்

முதலாவதாக, இணைப்புகள் யாவும் துறையின் பொதுக் கணக்கில் அமைதல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் இணைப்புக்கும் திட்டம், செயலி, ஆண்டு ஆகியன தோன்றப் பெயரிடல் வேண்டும். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானமையால், முந்தைய பதிவுகளில் ‘தருமபுரி மாவட்டம்’ எனக் குறிக்கப்பெற்ற ஊர்கள் பல இன்று அம்மாவட்டத்தில் உள்ளன. காலக்குறிப்பற்ற பெயர் பின்வருவோரைத் தடுமாறச் செய்யும் என்பதற்கு இது சான்றாகும். மூன்றாவதாக, பிழை அறிவிப்பு இருவருக்கேனும் செல்லுதல் வேண்டும். நான்காவதாக, ஒருவர் விலகுங்கால் புதிய இணைப்பை முதலில் உருவாக்கிப் பணியோட்டங்களை அதற்கு மாற்றியபின்னரே பழையதை நீக்கல் வேண்டும். கருவியில் நீக்குவது மட்டும் போதாது. கூகுள் கணக்கின் அமைப்புப் பகுதியிலும் ஒப்புதலைத் திரும்பப் பெறுதல் முறை. என்8என் பயன்படுத்துவோர் அதன் மறையாக்கத் திறவியைத் தனியே காத்தல் வேண்டும். அதனை இழப்பின் சேமித்த இணைப்புகளை மீளப் படிக்க இயலாது.

முடிவுரை

கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஒரு முறைமை வகுத்துள்ளது. அக்கல்லை ஆவணப்படுத்துவோர்க்கும் முறைமை தேவைப்படுகிறது. செயலிக் கணக்கு தனிமனிதரைச் சாராது துறையைச் சார்ந்திருந்தால்தான், ஒருவர் திரட்டிய தரவு அடுத்த ஆய்வாளருக்கு எட்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.