உப்பளத்து வண்டியின் நறநற

மரக்காணம் உப்பளங்களில் மூட்டை ஏற்றும் குட்டி யானைக்கு வளைந்த வரப்புப் பாதைதான் தினசரி ரோடு. 2005-இல் வந்த டாடா ஏஸுக்குத் தமிழ்நாடு வைத்த செல்லப் பெயர் அது. இப்படி உப்பில் உழைக்கும் வண்டிகளில் சிலவற்றை ஒடித்துத் திருப்பினால், முன்பக்கத்திலிருந்து பல்லைக் கடிப்பதுபோல ‘நறநற’ என்று சத்தம் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், வண்டிக்கு அடியில் ஒரு பெரிய பொறியியலே ஒளிந்திருக்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் கையின் அசைவு ஒரு தண்டு வழியே இறங்கி, பல்சக்கரப் பெட்டியில் வலிமை கூடி, டை ராடு என்னும் இணைப்புக் கம்பிகள் மூலம் சக்கரத்தைச் சேர்கிறது. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்புவதில்லை என்பதுதான் இதில் விந்தை. வளைவின் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுவதால் அது கூடுதலாகத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் டயர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். மியூனிக் நகரில் குதிரை வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கர் இந்த அமைப்பை உருவாக்கினார். அவருடைய முகவர் ஆக்கர்மான் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்க, முகவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பட்டை ஸ்பிரிங்கும் ஒற்றை அச்சும் கொண்ட வண்டிகளில் சக்கரம் இடமும் வலமும் திரும்புவது கிங் பின் என்ற எஃகு ஊசியைச் சுற்றித்தான். ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் அந்த ஊசிக்கு மேலும் கீழும் புஷ் என்னும் உறைகள் உண்டு. பாரத்தைத் தாங்கிக்கொண்டே சுழல வழிவிடுவது த்ரஸ்ட் பேரிங், அதாவது சுமைதாங்கி வளையம். ஓடாமல் நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, சில நூறு கிலோ எடையை அந்தச் சின்ன வளையம் சுமந்தபடி திரும்புகிறது.

சத்தம் வரும் இடத்தைக் காது மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எஃகில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் பாய்கிறது. சக்கரத்தில் பிறந்த உராய்வு அச்சு, சட்டம், ஸ்டீயரிங் தண்டு என்று ஏறி டிரைவரின் காலடியில் கேட்கும். அனுபவமுள்ள மெக்கானிக் நீளமான திருப்புளியின் நுனியை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது இதனால்தான். இன்ஜினை நிறுத்தி ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் கேட்க வேண்டும்.

நின்றபடி திருப்பினாலே நறநறத்தால் கிங் பின், சுமைதாங்கி, டை ராடு முனை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது மட்டும் வந்து, வேகத்தோடு கூடும் முனகல் சக்கர பேரிங்கின் குரல். இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்தான் போயிருக்கும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி முழுவதும் ஒடிக்கும்போது உறுமினால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பம்பு காற்றுக் குமிழிகளை இழுக்கும். சில சமயம் பிரேக் டிஸ்க்கின் பின்னாலுள்ள மெல்லிய தகடு துருவேறி உரசுவதுதான் மொத்தப் பிரச்சினையாகவும் இருக்கும். கையால் வளைத்துவிட்டால் செலவே இல்லாமல் தீரும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் பழுது சக்கர பேரிங்கில். அப்படியே இருந்தால் கிங் பின்னில். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் அச்சு முனையும் ஒன்றாகிவிடுவதால், பேரிங்கின் ஆட்டம் மட்டும் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. ஒரு சோதனைக் கருவிகூட வாங்காமல் இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டும் அறிவு இது.

இனி உப்புக்கு வருவோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு ஈரம் உறிஞ்சிக் கரையத் தொடங்கும். உப்பளத்துக் கச்சா உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 சதவீதமே போதும்! கடலோரக் காற்றில் அந்த அளவு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். ஆகவே அடிச்சட்டத்தில் ஒட்டிய உப்புத் தூசி, பார்வைக்குக் காய்ந்திருந்தாலும், காற்றிலிருந்து நீரைக் குடித்து இரும்பின்மேல் மின்கடத்தும் படலத்தை விரிக்கிறது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. அதற்கு வேண்டிய மின்பாதை இதோ தயார். இன்னொரு வியப்பும் உண்டு. சுமார் 26 சதவீதம் உப்புள்ள செறிந்த பாத்தி நீரைவிட, 3.5 சதவீதம் கொண்ட சாதாரணக் கடல்நீரே இரும்பை வேகமாக அரிக்கும். உப்பு மிகுந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது.

உண்டான துரு சும்மா இருப்பதில்லை. அது அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து, இடைவெளிகளை இறுக்குகிறது. தங்கத்துக்கு மெருகேற்றப் பயன்படும் சிவப்புப் பொடியும் இரும்பு ஆக்சைடுதான். அதே இனப் பொடி புஷ்ஷுக்குள் சிக்கினால், ஒவ்வொரு திருப்பத்திலும் எஃகை அரைக்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு வேலை நின்று வண்டியும் நின்றுவிடும் மாதங்களில் துருவுக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது.

மாற்று மருந்து கிரீஸ். நுண்ணிய சோப்பு இழைகளின் வலைக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் அது. பாரம் அழுத்தும்போது எண்ணெய் கசிந்து, ஓடும் பேரிங்கின் உருளைக்கும் பாதைக்கும் நடுவே தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கே உள்ள படலமாக நிற்கிறது. கிங் பின்னின் கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழுப்பான பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். சத்தம் மட்டும் இருந்து ஆட்டம் இல்லையென்றால் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டம் வந்துவிட்டால் பின், புஷ், சுமைதாங்கி மூன்றையும் செட்டாக மாற்றி, லேத் பட்டறையில் புஷ்ஷை அளவுக்குக் கடைந்து, கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

உப்பு ஏற்றும் நண்பர்களே, லோடு இறக்கிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸை நாள் தள்ளாமல் அடியுங்கள். கிங் பின் ஆடுகிறது என்று தெரிந்தபின் அந்த வண்டியில் லோடு ஏற்றி கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.