வெளிநாட்டில் குட்டி வாண்டோடு தனியா இருக்கீங்களா? சந்தையும் பூங்காவும்தான் உங்க பக்கத்து வீடு!

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டு மாதிரியான கிராமத்தில், இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொழுதுபோக்கு தேடி அலைய வேண்டியதில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டால் போதும். கோழி, ஆட்டுக்குட்டி, பக்கத்து வீட்டு ஆயா, காய்கறி விற்க வரும் அக்கா என நாள் முழுக்க யாராவது பேச்சுத் துணைக்கு இருப்பார்கள்.

அதே குழந்தையை சிங்கப்பூரில் 12-வது மாடி ஃபிளாட்டில் வளர்க்கும்போதுதான் சிக்கலே. கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். தாத்தா பாட்டி வீடியோ காலில் மட்டும். அம்மாவும் பிள்ளையும் நான்கு சுவருக்குள். கடைசியில் கைக்கு வருவது மொபைல்தான், இல்லையா?

இதில் விஷயம் என்னன்னா, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் தினமும் 180 நிமிடங்களாவது ஓடியாடி உடலை அசைக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம். இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஃபிளாட்டுக்குள்ளேயே இருந்தால் மூன்று மணி நேரம் எப்படி ஓடும்? வெளியே போகத்தான் வேண்டும். அதற்குக் காசு செலவழிக்கும் பிளே ஏரியா தேவையில்லை. காய்கறிச் சந்தையும் பூங்காவும் போதும்.

முதல் ஸ்டாப்: தேக்கா

லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது தேக்கா சென்டர். கீழே ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும். மேலே துணிக்கடைகள், டெய்லர்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை என நம்ம ஊர் காய்களுக்குப் பக்கத்திலேயே சீனக் கீரைகளும் மலாய் சமையலுக்கான இலைகளும் கிடைக்கும். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என அந்த நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளும் ஒரே வரிசைக் கடைகளில் காதில் விழும்.

பேசத் தொடங்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. 'இது என்ன? தக்காளி. என்ன கலர்? சிவப்பு'ன்னு கையில் கொடுத்துச் சொன்னால், படத்தில் பார்ப்பதைவிட சட்டென மனதில் நிற்கும். தொட்டுப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். வீட்டில் தமிழ் பேச ஆளில்லையே என்ற கவலைக்கும் இதுவே மருந்து. கடைக்கார அண்ணன் 'என்னம்மா, இன்னிக்கு பாப்பா தூங்கலையா?' என்று கேட்கும் இடம் அது.

சில டிப்ஸ்:

* காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குள் பல கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமை லீவு விடும் கடைகளும் உண்டு.
* மீன், கறிக் கடைகள் பக்கம் தரை ஈரமாக இருக்கும். வழுக்காத செருப்பு அவசியம்.
* ரம்புத்தான், லோங்கான் போன்ற பழங்களைக் கொட்டை எடுத்து, சின்னதாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் வெட்டுங்கள். முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.
* பட்டியல் போட்டு அவசரமாக வாங்கப் போகாதீர்கள். நான்கு பொருள் வாங்க ஒரு மணி நேரம் ஆகட்டும். குழந்தையின் வேகம் அதுதான்.

அடுத்தது: பூமலை

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை அங்குள்ள தமிழர்கள் 'பூமலை' என்பார்கள். 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். மற்ற இடமெல்லாம் இலவசம்.

உள்ளேயே ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. இங்கே ஒரு வேடிக்கையான விதி: குழந்தையைக் கூட்டி வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி! தண்ணீர் விளையாட்டு இருப்பதால் மாற்று உடை எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

இந்தப் பூங்காவுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை 1890-களில் இங்கேதான் ஹென்றி ரிட்லி சோதித்துப் பார்த்தார். அதன்பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின; அங்கே வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். குழந்தைக்கு இது இப்போது புரியாதுதான். ஆனால், அந்த மரங்களுக்கு நடுவே நடக்கும்போது 'நாம இங்கே அந்நியர்கள்' என்ற எண்ணம் அம்மாவுக்குக் கொஞ்சம் குறையும்.

பறவை பார்க்க...

வடக்கே இருக்கிறது சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். அனுமதி இலவசம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா வரையிலான வடதிசை நாடுகளிலிருந்து பறவைகள் வரும். பெரிய நீர் உடும்புகளைப் பாதையிலேயே பார்க்கலாம். முதலையும் உண்டு. அதனால், குழந்தையின் கையை விடவே கூடாது.

இதெல்லாம் தெரிஞ்சுக்கோங்க

* குரங்கு, புறா எதற்கும் தீனி போடக் கூடாது. 2020-லிருந்து வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.
* எம்.ஆர்.டி-யில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. குழந்தைக்கு ஏறும் முன்பே ஊட்டிவிடுங்கள்.
* 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு பஸ், ரயிலில் பெரியவர்களுடன் பயணம் இலவசம். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம்.
* 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு காரில் தனி இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு விலக்கு உண்டு. ஆப்பில் புக் செய்யும் தனியார் வாடகை கார்களுக்குக் கிடையாது.
* டெங்கு பரவும் ஊர் அது. கிளம்பும் முன் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் டெங்கு பரவும் பகுதிகளைப் பார்த்துவிடுங்கள். முழுக்கை உடை நல்லது. கொசு விரட்டி வாங்கும்போது எந்த வயதுக்கு என்பதைப் படித்து வாங்குங்கள்.

ஒரே இடம், ஒரே கிழமை

வாரத்துக்கு ஒரு புது இடம் என்று ஓட வேண்டாம். ஒரே சந்தைக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரு மாதத்தில் கடைக்காரருக்குக் குழந்தையின் பெயர் தெரிந்துவிடும். பூங்காவில் அதே நேரத்துக்கு வரும் இன்னொரு அம்மாவின் முகம் பழகிவிடும். வெளிநாட்டில் அறிமுகம் இப்படித்தான் வளரும். குழந்தைக்காகத்தான் கிளம்புகிறோம் என்றாலும், யாராவது ஒருவரிடம் நாலு வார்த்தை பேசுவது அம்மாவுக்கும் சாப்பாடு மாதிரி அவசியம்.

லீவுக்கு ஊருக்கு வந்தால்?

இதே பழக்கத்தை இங்கேயும் தொடரலாம். செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. வாண்டோடு ராஜகிரி உச்சிக்கு ஏற வேண்டாம். கீழே இருக்கும் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் சுற்றினாலே போதும். குரங்குகள் அதிகம், தின்பண்டம் பையிலேயே இருக்கட்டும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலின் இரண்டு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களைக் காட்டி, 'பாரு, வாட்ச்மேன்!' என்றால் குழந்தை சிரிக்கும். பனிக்காலத்தில் வந்தால் மரக்காணம் பக்கம் கழுவேலியில் வலசைப் பறவைகளையும் பார்க்கலாம்.

எந்த ஊராக இருந்தாலும் தேவை ஒன்றுதான்: ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், அவசரமில்லாத ஒரு காலைப் பொழுது. இந்த வாரம் எந்தக் கிழமைன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க!