ஆஷா கையில் செயலி: கண்காணிப்பா, கைகொடுப்பா?

மருத்துவமனையில் பிறந்து வீடு திரும்பும் குழந்தையை ஆஷா பணியாளர் ஆறு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில். எடை போட வேண்டும், உடல் சூட்டைப் பார்க்க வேண்டும், பால் குடிக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து தேசிய சுகாதார இயக்கம் வைத்திருக்கும் ஊக்கத்தொகை ரூ.250.

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் ஒரு குழந்தைக்கு 14-ம் நாள் வருகை பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வையாளரின் திரையில் சிவப்புப் புள்ளி விழுகிறது. ஆஷா போகவில்லையா? போனார். வீடு பூட்டியிருந்தது. தாயும் குழந்தையும் ஆனைகட்டியைத் தாண்டி, தமிழ்நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மேற்பார்வையாளர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். "ஏன் போகவில்லை?" என்று விளக்கம் கேட்கலாம். அல்லது அந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியருக்கு போன் போட்டு, "இந்தக் குழந்தையைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லலாம். செயலி ஒன்றுதான், சிவப்புப் புள்ளியும் ஒன்றுதான். ஆனால் முதலாவது கண்காணிப்பு, இரண்டாவதுதான் மேற்பார்வை.

இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு "டிஜிட்டல் மேற்பார்வை" என்று பேசினால் என்ன ஆகும்? எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை? பார்க்கலாம்.

யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள்?

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் தொடங்கியபோது வந்தவர்கள் ஆஷாக்கள். பொதுவாக ஆயிரம் பேருக்கு ஒருவர். மலை, பழங்குடிப் பகுதிகளில் ஒரு குடியிருப்புக்கே ஒருவரை வைக்கலாம். அரசுக் கணக்கில் இவர்கள் ஊழியர்கள் அல்ல, ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள்.

கேரளாவில் ஆஷாவுக்கு அடுத்த படியில் இருப்பவர் துணை மையத்தின் இளநிலை பொது சுகாதார செவிலியர், அதாவது ஜே.பி.எச்.என். மலைப்பகுதியில் ஒரு துணை மையத்துக்கு 3,000 பேர், சமவெளியில் 5,000 பேர் என்பது தேசிய அளவுகோல். அவருக்கு மேலே மேற்பார்வைச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், குடும்ப சுகாதார மையத்தின் டாக்டர்.

காகிதத்தில் ஒழுங்கான ஏணிதான். ஆனால் மேல்படியில் இருப்பவர் கீழ்ப்படியில் இருப்பவரின் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்றால், மலையில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதனால் மேற்பார்வை என்பது மாதாந்திரக் கூட்டத்தில் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சுருங்கிவிடும். செயலிகள் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தன.

எல்லையில் மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

முதலில் தூரம். இடுக்கியின் இடமலக்குடி, 2010-ல் அமைக்கப்பட்ட கேரளாவின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் சமூகத்தினர் காட்டுக்குள் சிதறிய குடிகளில் வாழ்கிறார்கள். பாலக்காட்டின் பரம்பிக்குளம் இன்னும் விசித்திரம். கேரளாவின் முதலமடை ஊராட்சியில்தான் இருக்கிறது. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் "நெட்வொர்க் இருக்கும்போது பதிவு செய்துகொள்ளலாம்" என்பது சின்ன நிபந்தனை அல்ல. ஆஃப்லைனில் வேலை செய்யாத செயலி இங்கே காகித நோட்டைவிட மோசம்.

இரண்டாவது, மொழி. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமும், தேவிகுளம், பீர்மேடு தோட்ட லயங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். கேள்வி மலையாளத்தில் இருக்கிறது, பதில் தமிழிலோ இருளர் மொழியிலோ வருகிறது. ஆஷா மனதுக்குள் மொழிபெயர்த்து ஒரு பெட்டியில் டிக் அடிக்கிறார். டேஷ்போர்டுக்கு அந்த டிக் மட்டும்தான் தெரியும்.

மூன்றாவதுதான் பெரியது: இரண்டு மாநிலங்கள், இரண்டு பதிவேடுகள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் பதிவு பிக்மி தளத்தில் நடக்கிறது. கேரளாவுக்குத் தனி ஏற்பாடு. கம்பம், போடியிலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்பும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கேரள ஆஷாவின் வீட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. தேனி மாவட்டச் செவிலியர் பகலில் வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலும், நடுவில் ஒரு பெண்ணின் ரத்த அழுத்தத்தை யாருமே பார்க்காமல் போகலாம்.

முடியாத காரியமா இது? இல்லை. காசநோய்க்கான மத்திய அரசின் நிக்ஷய் தளத்தில், ஒரு நோயாளி வேறு மாநிலத்துக்குப் போனால் அவருடைய பதிவையும் அங்கே மாற்ற வழி இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் அதே எளிமை எல்லையில் வேண்டும்.

வந்தாரா, வரவில்லையா என்று பதிந்தால் போதாதா?

இதை இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூரில் துணை மையச் செவிலியர்கள் பணிக்கு வருவதைத் தேதி, நேர முத்திரை போடும் இயந்திரத்தால் பதிந்தார்கள். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் கணக்கெடுத்தது, அரசு சம்பளம் பிடித்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இடம்பெற்ற குழு இதை ஆராய்ந்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டது. முதல் சில மாதங்களில், கண்காணித்த நாட்களின் வருகை ஏறக்குறைய இரட்டிப்பானது. 16 மாதங்களில் பலன் சுத்தமாகக் காணாமல் போனது. இயந்திரம் கெட்டுப்போனது மட்டும் காரணம் அல்ல. "விலக்கு அளிக்கப்பட்ட நாள்" என்று சுகாதார நிர்வாகமே தாராளமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கியது.

கர்நாடகாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு வந்தபோதும் கதை பாதிதான் மாறியது. செவிலியர் உள்ளிட்ட பணியாளர்களின் வருகை கூடியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. அது உண்மையான பலன். ஆனால் டாக்டர்களின் வருகையில் மாற்றம் இல்லை. அதாவது கருவி, ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவர்களைத்தான் எளிதாகப் பிடிக்கிறது.

அப்போ எதுதான் வேலை செய்கிறது?

தான்சானியாவில் ஒரு சோதனை. வீட்டு வருகை தாமதமானால் சமூக சுகாதாரப் பணியாளருக்கு முதலில் ஒரு எஸ்.எம்.எஸ். போகும். அப்படியும் போகவில்லை என்றால் தகவல் மேற்பார்வையாளருக்குப் போகும். சராசரித் தாமதம் 9.7 நாட்களிலிருந்து 1.4 நாட்களாகக் குறைந்தது. ஆனால் மேற்பார்வையாளருக்குப் போகும் அந்த இரண்டாவது கட்டத்தை எடுத்துவிட்டபோது, பலனும் சரிந்தது. வெறும் நினைவூட்டல் செய்தி போதவில்லை. மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதுதான் வேலை செய்தது.

மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் இன்னும் நுணுக்கமான ஒப்பீடு. எல்லாப் பணியாளர்களுக்கும் மாதம் ஒருமுறை தனித்தனியாக மேற்பார்வைச் சந்திப்பு உண்டு. பாதிப் பேருக்கு மட்டும், அவர்களுடைய சொந்த வேலையின் விவரத்தை ஒரு டேஷ்போர்டில் காட்டி, அதை வைத்துப் பேசினார்கள். அவர்கள் மாதத்துக்குச் சுமார் 40 வீட்டு வருகைகள் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் சிகிச்சையின் தரமோ வேகமோ கூடியது என்று புள்ளிவிவர ரீதியாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதுவும் பாடம்தான்: எண்ணிக்கையை டேஷ்போர்டு கூட்டும், தரத்துக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

இது நம்ம ஆபீஸ் கதையும்தான். லாகின் நேரத்தை மட்டும் எண்ணுகிற மேனேஜரும் உண்டு, டாஸ்க் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து அதை எடுத்துவிடுகிற மேனேஜரும் உண்டு. இருவர் பயன்படுத்துவதும் ஒரே மென்பொருள்.

ஆஷாக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

கேரளாவில் 2022 முதல் 'சைலி' செயலியுடன் ஆஷாக்கள் வீடு வீடாகப் போய், 30 வயது தாண்டியவர்களிடம் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆபத்து பற்றிக் கேட்டுப் பதிகிறார்கள். கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் இப்படித்தான் திரண்டது. ஆஷாவின் கால்நடை இல்லாமல் அந்தத் தரவு இல்லை.

அதே ஆஷாக்கள்தான் 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மாத மதிப்பூதியத்தை ரூ.7,000-லிருந்து ரூ.21,000 ஆக்க வேண்டும், ஓய்வுபெறும்போது ரூ.5 லட்சம் வேண்டும் என்று கேட்டார்கள். எட்டு மாதங்களுக்கு மேல். கடைசியில் அரசு உயர்த்தியது ரூ.1,000. நவம்பர் 1-ல் இரவு பகல் போராட்டம் முடிந்தது.

இந்தப் பின்னணியில் புதிதாக ஒரு செயலியைக் கையில் கொடுத்தால் அது எப்படித் தெரியும்? 2021-ல் ஹரியானா ஆஷாக்கள், 'எம்.டி.எம். 360 ஷீல்டு' செயலி தங்களைப் பின்தொடரும் என்று சொல்லி அதை ஏற்க மறுத்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிர அங்கன்வாடிப் பணியாளர்கள், தரமில்லாத போன், ஆங்கிலச் செயலி என்று சொல்லி அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். தொழில்நுட்பம் தெரியாதவர்களின் பயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாத ஒருவரை ஊழியரைப் போல நிமிடத்துக்கு நிமிடம் எண்ணினால், கோபம் வரத்தான் செய்யும்.

இன்னொன்று, ஒரே குழந்தைக்குப் பல பதிவுகள். அட்டப்பாடியில் 2013-ல் நடந்த சிசு மரணங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. அதன் பிறகு ஊர்களுக்குப் போகும் கண்கள் கூடின. இன்று ஒரு குழந்தையை ஆஷா சுகாதாரத் துறைக்காகப் பதிகிறார். அங்கன்வாடிப் பணியாளர் போஷன் டிராக்கரில் பதிகிறார். பழங்குடியினர் நலத்துறையின் புரமோட்டரும் அதே வீட்டுக்குப் போகிறார். எடை குறைகிறது என்று அங்கன்வாடியின் செயலிக்குத் தெரிந்தது, ஜே.பி.எச்.என்.-னின் திரைக்கு அதே நாளில் வராவிட்டால், மூன்று பேர் எண்ணியும் ஒரு குழந்தை தவறிப்போகும்.

நல்ல கருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உலக சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட டிஜிட்டல் சுகாதார வழிகாட்டுதல், நோயாளிகளின் நிலையைப் பின்தொடர்வதையும் பணியாளருக்கு முடிவெடுக்க உதவுவதையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. எல்லைப் பகுதிக்கு இதை நான்கு கேள்விகளாக்கலாம்.

1. தவறிய வருகைக்குக் காரணம் எழுத இடம் இருக்கிறதா? "வீடு பூட்டியிருந்தது, தமிழ்நாட்டில் இருக்கிறார்" என்பதற்கு ஒரு பொத்தான் இல்லையென்றால், அந்தச் செயலி ஆஷாவைக் குற்றவாளியாக மட்டுமே காட்டும்.

2. ஆஷா கேட்டால் பதில் வருமா? "எடை ஏறவில்லை, என்ன செய்ய?" என்று அவர் பதிந்தால், யார், எத்தனை மணி நேரத்துக்குள் பேச வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறதா?

3. மேற்பார்வையாளரின் வேலையும் பதிவாகிறதா? பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், கிளினிக்குகளைச் சோதிக்கும் ஆய்வாளர்களின் கையில்தான் ஸ்மார்ட்போனைக் கொடுத்தார்கள். ஆய்வுகள் கூடின. மோசமான கிளினிக்குகளை உயர் அதிகாரியின் திரையில் சிவப்பாகக் காட்டியபோது, டாக்டர்களின் வருகையும் கூடியது. ஏணியின் எல்லாப் படிகளும் தெரிந்தால்தான் நியாயம்.

4. புதிய செயலி வந்தால் பழைய நோட்டு போகுமா? போகாவிட்டால் அது உதவி அல்ல, இரண்டாவது வேலை.

இந்தச் செயலிகளை எழுதுகிற, சோதிக்கிற, அவற்றுக்கு டெண்டர் போடுகிற இடங்களில் இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இருக்கலாம். அடுத்த டெமோவில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் வரிசையாக மின்னும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சிவப்பை யார் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு யாருக்கு போன் செய்வார்கள்?" பதிலாக ஒரு பதவியும் ஒரு போன் எண்ணும் வந்தால் அந்தக் கருவியை நம்பலாம். வராவிட்டால், ஆனைகட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தையின் எடையை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.