ஐயா காலத்து ஜீப்... ஆடாத ஸ்டியரிங்!

பின்கட்டுல தார்ப்பாய் போர்த்திக்கிட்டு ஒரு பழைய மஹிந்திரா ஜீப் நிக்குதா? கொடுத்து வெச்சவங்க பாஸ் நீங்க! காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு செம்மண் பாதையிலயும் கண்மாய்க் கரையிலயும் ஓட்டறதுக்கு அதைவிட கெத்தான வண்டி எது?

ஆனா, சாவியைத் திருகி மெயின் ரோட்டுல ஏத்தினதும்தான் கதை ஆரம்பிக்கும். நீங்க ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்புவீங்க. வண்டி 'கொஞ்சம் யோசிச்சு சொல்றேன்'னு நேரா போகும். அப்புறம் திடீர்னு திரும்பும். நேர் ரோட்டுல போறதுக்கே மாவாட்டற மாதிரி கையை ஆட்டிக்கிட்டே இருக்கணும். பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்ட், "ஜீப்னா அப்படித்தான்டா மாப்ளே..." என்பான்.

நம்பாதீங்க. ஜீப்னா அப்படி இல்லை. தேய்ஞ்ச ஜீப்னாதான் அப்படி!

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல 98-வது விதி ஸ்டியரிங்குக்குன்னே இருக்கு. சக்கரம் அசையாம ஸ்டியரிங் மட்டும் சும்மா சுத்துதே, அந்த 'பிளே' 30 டிகிரிக்கு மேல போகக் கூடாது. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்ல அது விளிம்புல சுமார் பத்தரை செ.மீ. ஏறக்குறைய அரை சாண். இது உச்ச வரம்பு, அவ்வளவு இருந்தா நல்லதுன்னு அர்த்தம் இல்லை. அதே விதி இன்னும் ரெண்டு விஷயம் கேக்குது: பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்கணும், போல்ட், பின் எல்லாம் கழண்டு வராதபடி பூட்டியிருக்கணும்.

முதல் வேலையா, ஸ்டியரிங் வீல் மேல ஒரு துண்டு டேப் ஒட்டி, எவ்வளவு தூரம் சும்மா சுத்துதுன்னு ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. நோட்டுல எழுதி வைங்க. வேலை முடிஞ்சதும் இந்த நம்பர்தான் உங்க மார்க் ஷீட்.

ஏன் ஆடுது?

மஹிந்திரா கம்பெனி 1945-ல தொடங்கி, 1947-ல வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வண்டியோட வம்சம். நம்ம ஊர்ல பார்க்கிற பழைய பெட்ரோல் சி.ஜே.3பி எல்லாம் அந்த டிசைன்தான். சிம்பிளான டிசைன், ஆனா ஜாயின்ட் அதிகம்.

நீங்க வீலைத் திருப்பினா, அந்த அசைவு தண்டு வழியா ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகுது. அங்கிருந்து டிராப் ஆர்ம், ட்ராக் லிங்க், முன்பக்கம் நடுவுல இருக்கிற பெல் கிராங்க், ரெண்டு டை ராட், கடைசியா கிங் பின்னைச் சுத்தித் திரும்பற சக்கரம். ஒவ்வொரு ஜாயின்ட்டும் தனியா பார்த்தா அரை நூல்தான் தேய்ஞ்சிருக்கும். எல்லாம் கூடி வீல்ல வரும்போது அரை சாண் ஆயிடும். அதனால 'எந்த பார்ட்டை மாத்தலாம்?'னு கேக்காதீங்க. 'எங்கெங்க எவ்வளவு தேய்ஞ்சிருக்கு?'னு கேளுங்க. பட்ஜெட் மிச்சமாகறது அந்தக் கேள்வியிலதான்.

செலவு வரிசை

பாக்கெட் மணியில வேலை நடக்கணும்னா வரிசை முக்கியம். முதல்ல காசே இல்லாத சோதனை. அடுத்து டீ செலவுல முடியற காத்து, கிரீஸ், கியர் ஆயில், ஸ்பிளிட் பின். அப்புறம் சினிமா செலவு ரேஞ்சுல புஷ், டை ராட் எண்ட். அதுக்கும் மேல பேரிங். செமஸ்டர் ஃபீஸ் கட்டற மாதிரி வலிக்கற ஸ்டியரிங் பாக்ஸ் வேலை கடைசி. நம்மாளுங்க பல பேர் இந்த லிஸ்ட்டைத் தலைகீழா படிக்கறாங்க!

ரெண்டு பேர் போதும்

முதல்ல நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கான்னு பாருங்க. காத்து கம்மியான, ஒரு பக்கம் தேய்ஞ்ச டயரே வண்டியை அலைய விடும். வீல் நட் எல்லாம் டைட்டா இருக்கட்டும்.

அடுத்து, வண்டியைச் சமமான தரையில நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. ஒருத்தர் மேல உக்காந்து ஸ்டியரிங்கை மெதுவா இடம், வலமா ஆட்டணும். இன்னொருத்தர் டார்ச்சோட கீழ. ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் கை வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையாம நின்னா, ஆள் மாட்டிக்கிச்சு! விரல் நசுங்காம கவனமா இருங்க.

தண்டுல இருந்து ஆரம்பிங்க. பாக்ஸை சேஸிஸோட பிடிக்கிற போல்ட்டைக் கட்டாயம் பாருங்க. பாக்ஸே ஆடினா, கீழ புது பார்ட் போட்டு என்ன பிரயோஜனம்? அந்த இடத்துல சேஸிஸ்ல விரிசல், துரு இருக்கான்னு சுரண்டிப் பாருங்க. துருவைப் பத்தி ஆராய்ச்சி பண்ற 'சிக்ரி' 1953-ல இருந்து நம்ம ஊர்லதான் இருக்கு. நாமளே துருவைக் கண்டுக்காம விடலாமா?

பெல் கிராங்கை மறந்துடாதீங்க. கிரீஸே பார்க்காம வருஷக் கணக்கா உழைச்சிருக்கும். அதோட பின்னும் புஷ்ஷும் தேய்ஞ்சா வீல்ல பிளே நல்லாவே தெரியும். ரிப்பேர் கிட் கிடைக்கலைன்னா லேத் பட்டறையில அளவெடுத்துப் புஷ் கடைஞ்சு போடலாம்.

ஜாக்கி டெஸ்ட்

இப்போ முன்பக்கத்தைத் தூக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழ போகாதீங்க. இரும்பு ஸ்டாண்ட் வைங்க. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கற வேலை வேண்டவே வேண்டாம். அது நொறுங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டு நொறுங்காது.

சக்கரத்தைக் கடிகாரமா நினைச்சுக்கங்க. 12-லயும் 6-லயும் கை வெச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, ஃப்ரெண்டை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா கிங் பின். அடுத்து 3-லயும் 9-லயும் கை வெச்சு ஆட்டினா, டை ராட் எண்ட் தன் குட்டை உடைச்சிடும்.

வீல் பேரிங் பெரும்பாலும் சுத்தம் பண்ணி, புது கிரீஸ் அடைச்சு, நட்டை முறையா செட் பண்ணினாலே சரியாகும். கிங் பின்லயும் ஒரு சிக்கன வழி இருக்கு. பழைய ஜீப் ஆக்ஸில்ல மேல் மூடிக்கு அடியில 'சிம்'னு மெல்லிய தகடுகள் இருக்கும். பேரிங் நல்லா இருந்து, லேசான ஆட்டம் மட்டும் இருந்தா, ஒண்ணு ரெண்டு தகடை எடுத்தாலே பிடிப்பு வந்துடும். எவ்வளவு இறுக்கம்னு ஸ்பிரிங் தராசு வெச்சு இழுத்துப் பார்க்கணும். அளவு உங்க மாடல் கையேட்டுல இருக்கும். பேரிங்ல குழி விழுந்திருந்தா மாத்தறதைத் தவிர வழியில்லை.

பட்டை ஸ்பிரிங்கையும் விடாதீங்க. ஷாக்கிள் புஷ் தேய்ஞ்சு, யூ போல்ட் லூஸா இருந்தா ஆக்ஸிலே நகரும். ஸ்டியரிங் மேல பழி விழும்!

அந்த ஒரு ஸ்க்ரூ...

ஸ்டியரிங் பாக்ஸ்ல ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருக்கும். "லூஸா இருக்கா? ஒரு திருகு திருகு"ன்னு சொல்ல நாலு பேர் வருவாங்க. அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. வண்டி அதிகமா நேராதான் ஓடும். அதனால பாக்ஸ் உள்ள நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவுல பிளே போற வரை இறுக்கினா, ஓரத்துக்குத் திருப்பும்போது பிடிச்சுக்கும். வளைவுல திரும்பின வீல் தானா நேரா வராது. லூஸ் ஸ்டியரிங்கைவிட அது ஆபத்து.

அதனால மத்த எல்லாத்தையும் சரி பண்ணின பிறகு இதைத் தொடுங்க. முதல்ல கியர் ஆயில் அளவைப் பாருங்க. அப்புறம் ட்ராக் லிங்க்கைக் கழட்டி, வீலை நடுவுல வெச்சு, லாக் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க. ஒவ்வொரு தடவையும் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரை வீலைச் சுத்திப் பாருங்க. எங்கேயும் சிக்கக் கூடாது. சிக்கினா, உள்ளே தேய்மானம் எல்லை தாண்டிடுச்சு. அப்போ விவரமான மெக்கானிக்தான் வேணும்.

சாக்பீஸும் டேப்பும்

டை ராட் கழட்டி மாட்டினா 'டோ இன்' மாறும். தூக்கின சக்கரத்தைச் சுத்தவிட்டு, டயர் நடுவுல சாக்பீஸ்ல ஒரு வட்டக் கோடு போடுங்க. இறக்கி, வண்டியைச் சில அடி முன்னால தள்ளுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை ஆக்ஸில் உயரத்துல சக்கரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் அளங்க. முன்னால கொஞ்சம் கம்மியா இருக்கணும். பழைய வில்லிஸ் டிசைனுக்கு அந்த வித்தியாசம் 3/64-ல இருந்து 3/32 அங்குலம், அதாவது சுமார் 1.2 முதல் 2.4 மி.மீ. கல்லூரி லேப்ல படிச்ச மெட்ராலஜி இங்கேதான் பாஸ் உதவும்! முடிஞ்சா அலைன்மென்ட் கடையிலயும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

இதெல்லாம் கூடவே கூடாது!

டை ராடை வெல்டிங் வைக்கறது, சூடு பண்ணி நிமிர்த்தறது... நோ! அது உடைஞ்சா பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வண்டி உங்க கையில இருக்காது.

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய தூண் வாங்கலாம், கதவு வாங்கலாம், பித்தளைப் பாத்திரம் வாங்கலாம். டை ராட் எண்ட் மட்டும் பழசு வாங்காதீங்க.

ஸ்பிளிட் பின்னை மறுபடி பயன்படுத்தாதீங்க. துளை நேரா வரலைன்னா நட்டைத் தளர்த்தாம, அடுத்த துளை வரைக்கும் இறுக்குங்க.

ஸ்டியரிங் டேம்பர் மாட்டி ஆட்டத்தை அமுக்கறதும் வைத்தியம் இல்லை. காய்ச்சலுக்குப் பவுடர் பூசற மாதிரி அது. ஷோவுக்காக அகல டயர் போட்டீங்கன்னா ஜாயின்ட் எல்லாம் இன்னும் சீக்கிரம் தேயும்.

ஓட்டும்போது குழியில விழுந்து முன்பக்கம் பயங்கரமா நடுங்க ஆரம்பிச்சா? பதறி பிரேக்கை அழுத்தாதீங்க. வீலை உறுதியா பிடிச்சு, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டுங்க. கண்டுபிடிக்காம அந்த வண்டியை மறுபடி எடுக்காதீங்க.

மெக்கானிக் அண்ணன்கிட்ட...

"ஸ்டியரிங் லூஸா இருக்குண்ணே, டைட் பண்ணிக் கொடுங்க"ன்னு போனா, எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியும்னு தெரியாது. "அண்ணே, டிரைவர் சைடு டை ராட் எண்ட்ல பிளே தெரியுது, பெல் கிராங்கும் ஆடுது. நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க"ன்னு போங்க. "அட, தம்பி விவரமாத்தான் வந்திருக்காரு"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு ஸ்பானரை எடுப்பார். பக்கத்துல நின்னு பாருங்க. அந்த ரெண்டு மணி நேரம் எந்த வகுப்புலயும் கிடைக்காது.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் பதிவைப் புதுப்பிக்கணும், அதுக்கு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டணும். ஸ்டியரிங்கும் அதுல உண்டு. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் ரெண்டும் உயிரோட இருக்கான்னு பார்த்துட்டு ரோட்டுல ஏத்துங்க.

முதல் ஓட்டம் ஆளில்லாத பொட்டல்ல, மெதுவா. வளைவு முடிஞ்சதும் வீல் தானா நேரா வருதா? பிரேக் போட்டா ஒரு பக்கம் இழுக்குதா? நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் மறுபடி செக் பண்ணுங்க. பிளேயை அளந்து, நோட்டுல பழைய நம்பர் பக்கத்துல புது நம்பரை எழுதுங்க. அது பாதியா குறைஞ்சிருந்தா... பின்சீட்டுல ஏற நாலு பேரைக் கூப்பிடற தகுதி உங்களுக்கு வந்தாச்சு!