மரச் சிறையில் ஒரு தாய்!

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் மேகமலை. பங்குனிக் காலை. குளிர்காற்றுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பறவை பார்க்க வருகிறவர்கள் எட்ட நின்றே காத்திருப்பார்கள். கிட்டப் போனால் பறவை மிரண்டுவிடும்.

திடீரென்று, ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல் ஒரு சத்தம்! அதுதான் இருவாட்சியின் சிறகடிப்பு. சிறகை விரித்தால் சுமார் 5 அடி. அலகின்மேல் மஞ்சள் கொம்பு வேறு.

ஆண் பறவை நெடுமரத்தின் பொந்தருகே அமர்கிறது. உள்ளே அதன் மனைவி! முட்டையிடப் புகுந்த பெண் பறவை, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நீட்டத்தான் சந்து இருக்கும். புருஷன் தொண்டையில் சேர்த்து வந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுகிறது. மாதக்கணக்கில் இதே வேலை!

சிறைக்குள் தாயின் இறகுகள் உதிர்ந்துவிடும். புதிதாக முளைக்கும் வரை பறக்க முடியாது. அந்த நேரத்தில் வேட்டைக்காரன் ஆணைச் சுட்டால், குடும்பமே பட்டினி! பொந்துள்ள கிழட்டு மரத்தை வெட்டினாலும் அதே கதிதான்.

2021-ல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பெயர் புலிக்கு, பாதுகாப்பு இருவாட்சிக்கும்தான்.

குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் சுவரை உடைத்து வெளியேறும். அப்புறம் இரை தேடுவது இருவருக்கும் பொது. குஞ்சோ, உடைந்த சுவரை உள்ளிருந்தபடியே மறுபடி பூசிக்கொள்ளும்!