கோட்டுக்கு என்ன கூலி?

குன்றத்தூரிலே கூட்டம். பேசி முடித்து மேடையைவிட்டு இறங்கினோம். சோடாக் கடையோரம், கையில் காய்ந்த சாயத்தோடு ஓர் இளைஞர் நின்றார். வரும் வழியிலே பம்மலிலிருந்து குன்றத்தூர் வரை சுவர்தோறும் நம் கூட்டத்தை அறிவித்திருந்த எழுத்து அவர் எழுத்து. வளைவு வளைவாக, ஒழுங்காக, தூரத்தில் வரும் பேருந்திலிருந்தே படிக்கத்தக்க எழுத்து. பேச்சாளனுக்கு மாலை போடுகிறார்கள். ஊரைத் திரட்டிய சுவரெழுத்துக்காரருக்கு ஒரு சோடா கிடைத்தால் உண்டு. அந்தக் குறை நம் பக்கத்துக் குறை. இருக்கட்டும்.

அவர் ஒரு நோட்டை நீட்டினார். புரட்டினோம். தலைவர்கள், நடிகர்கள், பாரதிதாசன், மீண்டும் தலைவர்கள். எல்லாம் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தவை. முகம் தப்பவில்லை, மூச்சுத்தான் இல்லை.

"அண்ணே, பார்த்து வரையச் சொன்னா வரைஞ்சிடுவேன். சொந்தமா ஒண்ணும் வரமாட்டேங்குது. ஓவியக் கல்லூரிக்கு மனு போடலாம்னு ஆசை. அப்பா வேணாங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றார்.

அப்பா பட்டுத்தறி நெய்பவர். சற்றுத் தள்ளித்தான் நின்றார். "தறியே சோறு போடலை தம்பி, கோடு போடுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துக் கேட்டார். பிளக்ஸ் பேனர் வந்த பிறகு பெயிண்டர் கடைகள் ஒவ்வொன்றாக மூடியதை அவரும் பார்த்திருக்கிறார். அந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சு பதிலாகாது. நாம் அறிந்த ஒருவர் கதையைச் சொன்னோம். தோழர்களே, அதையே உங்களுக்கும் சொல்லுகிறோம்.

திருச்சி மாவட்டம் துறையூருக்குப் பக்கத்திலே கீரம்பூர் என்றொரு சிற்றூர். 1938ல் அங்கே பிறந்தார் கே. எம். ஆதிமூலம். படம் வரையும் ஆசை ஒன்றையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்த பிள்ளை. வந்த இடத்திலே கைகொடுத்தவர் சிற்பி தனபால். எந்தத் தனபால்? தந்தை பெரியாரின் தலையைச் சிலையாக வடித்தாரே, அந்தத் தனபால்! அந்த முகத்தின் மடிப்பையும் தாடியையும் பார்த்தவர்கள் அறிவார்கள். கல்லடியும் சொல்லடியும் பட்டுத் தளராத ஒரு கிழவரை அவர் கை எப்படிப் புரிந்துகொண்டிருந்தது என்பதை. அவர் வழிகாட்ட, ஆதிமூலம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, 1966ல் பட்டயம் பெற்று வெளிவந்தார்.

அந்தக் கல்லூரி சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுந்ததல்ல. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கியது. கைத்தொழில் கற்றுக்கொடுக்கவே தொடங்கியது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே, இன்று பெரியார் பெயர் தாங்கிய சாலையிலே இருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. 1959ல் வைக்கப்பட்டது. நான்கு பேர், ஒரு பாறை, அதை நெம்பும் கழி. அரசன் இல்லை, ஆண்டவன் இல்லை. முறுக்கேறிய முதுகும் புடைத்த நரம்பும்தான். 1923ல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரை அல்லவா அது! அங்கே உழைப்பாளி சிலையாக நிற்பதிலே நமக்கொரு தனி மகிழ்ச்சி.

ராய் சௌத்ரிக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார். ஐரோப்பாவைப் பார்த்து எழுதுவதே கலை என்றிருந்த காலம். நம் மண்ணிலே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று அவரும் தனபாலும் மாணவர்களைத் திருப்பினார்கள். கோயில் சிற்பம், செப்புத்திருமேனி, சுடுமண் பொம்மை, தோல்பாவை, கோலம் எல்லாம் பாடமாயின. பக்திக்காகவா? இல்லை. தச்சனும் கொல்லனும் குயவனும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த கைத்திறனுக்காக. கோயிலுக்குள் எதற்கு இருக்கிறது என்பதிலே நமக்கு வழக்குண்டு. உளிபிடித்த கையோடு வழக்கில்லை.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவருடைய பெரிய புராணத்தோடு நம்மவர்க்கிருந்த வழக்கை நாடறியும். 1943ல் அண்ணா நடத்திய சொற்போர் 'தீ பரவட்டும்' என்று நூலாகவே கிடைக்கிறது. கருத்தை மறுத்தவர்கள் தமிழை மறுக்கவில்லை என்பதை அதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஓவியத்துக்கும் அதே கதைதான்.

ஆதிமூலத்துக்கு வருவோம். அவர் கையிலெடுத்தது என்ன? விலையுயர்ந்த சாயமா? பேனா, கறுப்பு மை, வெள்ளைக் காகிதம். இவ்வளவே. ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு, அதை வெட்டி மற்றொன்று. நெருக்கிப் போட்ட இடம் இருளாகும், விட்டுவைத்த இடம் ஒளியாகும். காகிதத்தின் வெண்மையையே அவர் ஒரு சாயமாக ஆக்கிக்கொண்டார். நெசவாளிக்கு இது புரியும். இழை நெருங்கினால் ஒரு நிறம், விலகினால் ஒரு நிறம்.

காந்தியார் நூற்றாண்டு வந்த 1969ல், அவரைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரிசையாக வரைந்தார். காந்தியாரை வரையாத ஓவியர் யார்? கண்ணாடி, தடி, சிரிப்பு போட்டால் காந்தி! ஆதிமூலம் அப்படி நிறுத்தவில்லை. ஒரே மனிதனை மீண்டும் மீண்டும் வரைந்தார். புகைப்படத்தில் தெரிவதைத் தாண்டி, அந்த மெலிந்த உடல் எவ்வளவு சுமந்தது என்று கோட்டாலே விசாரித்தார். இதைச் சொன்னபோது தம்பி தம் நோட்டைத் திரும்பப் பார்த்துக்கொண்டார். கட்டம் போட்டு ஒரு முறை வரைந்ததோடு அவர் ஒவ்வொரு தலைவரையும் விட்டுவிட்டிருந்தார்.

பிறகு அரசர்களை வரைந்தார். அவையே நமக்கு மிகவும் பிடித்தவை என்பதை மறைப்பானேன்! மகுடம் உண்டு, மீசை உண்டு, வாளும் அணிகலனும் உண்டு. ஆனால் உடல் சிதைந்து, கண் வெறித்து, ஆடைக்குள்ளே ஆள் கரைந்துகொண்டிருக்கிறான். தெருக்கூத்து முடிந்த விடியற்காலையிலே சாயம் வழிய உட்கார்ந்திருக்கும் ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? அதுபோல. நாம் மூன்று மணி நேரம் பேசிச் சொல்லுவதை அவர் முக்கால் அடித் தாளிலே சொல்லிவிட்டார்.

கண்காட்சிக் கூடத்தோடு அவர் கோடு நின்றுவிடவில்லை. சிற்றிதழ்களுக்கு வரைந்தார். புத்தக அட்டைகளுக்குப் படத்தோடு தமிழ் எழுத்தையும் தம் கையாலே எழுதினார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்தன ஆதிமூலத்தின் கோட்டுப்படங்கள். தேநீர்க் கடையில் வார இதழ் புரட்டியவர்கள் கண்ணுக்கும் அவர் கோடு போய்ச் சேர்ந்தது. வண்ணத்திலும் பின்னாளில் பெரும்பேர் பெற்றார், அது தனிக்கதை. 2008 ஜனவரியில் மறைந்தார்.

"சரி தம்பி, அவர் பெரிய ஆளு. சோத்துக்கு?" என்றார் தகப்பனார், விடாமல்.

நியாயம். அதற்கும் விடை உண்டு. நெசவாளர் சேவை மையம் என்று மத்திய அரசு 1956 முதல் நடத்திவந்த அமைப்பில், துணிக்கு வடிவம் வரைய ஓவியர்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். சென்னை ஓவியர் ரெட்டப்ப நாயுடு அங்கே வேலை பார்த்தவர்தான். ஓவியன் போட்ட கோடு தறியிலே கரையாக ஏறிற்று. இதோ பக்கத்திலே ஈஞ்சம்பாக்கம். 1966ல் பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்களே, நிலத்துக்குப் பணம் ஏது? பாத்திக் துணி செய்து விற்ற பணம்! கைத்தொழிலை இழிவென்று எண்ணாததால் கலை பிழைத்தது. எல்லாருக்கும் பிழைப்பு அமைந்ததா என்றால், இல்லை. வறுமையிலே வாடியவர்களும் உண்டு. அதை மறைத்து ஒரு பிள்ளையை அனுப்பிவைக்க நமக்கு மனமில்லை, சொல்லிவிட்டோம்.

கல்லூரியிலே நான்காண்டுப் படிப்பு. அரசுக் கல்லூரி; கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. சேருமுன் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கே கட்டம் போட்ட புகைப்படம் உதவாது. "உன் வீட்டிலே பார்த்ததை வரை. புகைப்படமே வேண்டாம்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வண்டியேறினோம்.

சென்ற வாரம் மறுபடி அந்தப் பக்கம் போக நேர்ந்தது. வீட்டுக்கே போனோம். நோட்டிலே புதிய பக்கங்கள். தறிக்குழிக்குள் இறங்கிய இரண்டு கால்கள், நாடா எறியும் கை, இழை அறுந்ததும் குனிந்து முடிபோடும் அம்மா. பேனாக் கோடுதான். சில கோணல். ஆனால் மூச்சு இருந்தது.

தகப்பனார் நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நோட்டை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மிதிகட்டையைத் தப்பாப் போட்டிருக்கான் பாருங்க, இப்படி இருந்தா தறி ஓடுமா?" என்றவர், மகனைக் கூப்பிட்டுக்கொண்டு தறியருகே போய்க் குனிந்து காட்ட ஆரம்பித்தார்.